ஏழு ஒன்றுகள்

கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்த புதிதில் எனக்குச் சக்களத்தியாக வாய்த்தது ஒரு எண். பதினோரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று. ஏழு ஒன்றுகள் வரிசையாக நிற்கும். வீட்டுக்காரர் ஆண்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார். அந்த எண்ணை ஒன்றைத் தவிர வேறெந்த எண்ணும் மீதியின்றி வகுக்காது, அது பகா எண் என்று வாத்தியார்கள் கூட்டத்தில் நிரூபிக்கப் போவதாக வாக்குக் கொடுத்துவிட்டார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சிலேட்டும் கையுமாக உட்காருவார். ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்து, மீதி வந்தால் அழித்துவிட்டு அடுத்ததற்குப் போவார். அந்த எண்ணின் வர்க்கமூலமான ஆயிரத்துச் சொச்சம் வரை இப்படியே. எதுவரை வந்தோம் என்பது அவர் மனசில்தான். நானும் பெண்கள் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். ஒருநாளாவது இங்கன வா என்று கூப்பிடவில்லை. கருப்பட்டிக் காப்பியை வைத்துவிட்டு வருவேன். எரிச்சலாக இருக்கும்.

ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமை கணக்குப் போடுவது கிறிஸ்தவர்களான எங்களுக்குப் பாவம். ஒரு சனிக்கிழமை இருநூற்று முப்பத்து மூன்றோடு நிறுத்தினார். மறுநாள் வேதக்கோயிலில் பாட்டு எண் தொங்கும் பலகையில் 239, அவர் அடுத்து வகுக்க வேண்டிய எண். பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவர் விரல் முழங்காலில் கணக்குப் போட்டது. பிறகு கையைக் கட்டிக்கொண்டார். திங்கட்கிழமை 241-லிருந்து தொடங்கினார்.

கடைசியில், முடிந்தது, பகா எண்தான் என்று அவர் சிரித்தபோது எனக்கு அந்த விரல் ஞாபகம் வந்தது. மறுநாள் என் வகுப்புக் கரும்பலகையில் 239-ஆல் வகுத்தேன். மீதியே இல்லை. சொன்னால் முகம் சுண்டிப்போகும். சொல்லாவிட்டால் கூட்டத்தில் மூக்குடைபடுவார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

"இருநூத்தி முப்பத்தொம்பதை எப்ப வகுத்தீக?" என்று சாயங்காலம் பைய கேட்டேன்.

யோசித்தார். கோயிலில் தொடங்கி, பாவம் என்று பாதியில் விட்டதையும், மறுநாள் அதை முடித்ததாக நினைத்துத் தாண்டிப்போனதையும் அவரே சொன்னார். சிலேட்டை எடுத்து வகுத்தார். 4649 வந்தது, மீதி பூச்சியம். சிலேட்டைக் கீழே வைத்தார்.

"இத்தனை நாள் பட்ட பாடு பாழாப்போச்சு. இந்த 4649 இன்னும் உடையுமோ என்னமோ. அதையும் முதல்லேர்ந்து பாக்கணும்."

"பாக்க வேண்டாம்," என்றேன். "இது உடைஞ்சா இதோட வர்க்கமூலம் அறுபத்தெட்டுக்குள்ள ஒரு எண் இதை வகுக்கணும். அப்ப அது அந்த ஏழு ஒண்ணு எண்ணையும் வகுக்கணும். அப்படி எதுவும் இல்லன்னு நீங்க ஏற்கெனவே பாத்தாச்சுல்லா? உங்க பாடு ஒண்ணும் பாழாகல."

அவர் முகம் தெளிந்தது. கூட்டத்தில் எழுத இரண்டு பகா எண்கள் கிடைத்துவிட்டன.

பிறகு சிலேட்டைத் துடைத்தார். உச்சியில் பதினோரு ஒன்றுகளை எழுதினார். அதன் கீழே நடுவில் ஒரு கோடு கிழித்து, வலப்பக்கம் உனக்கு என்றார். நான் பாயில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அந்த எண்ணை எங்களால் கடைசிவரை உடைக்க முடியவில்லை. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.