சாம்பிராணி போட்ட வேனும் என் மச்சான் உயிரும்

திருக்கழுக்குன்றத்து மலைமேல் இருக்கிற வேதகிரீஸ்வரரை நம்பி வாழ்கிற எல்லாருக்கும் கன்னியப்பன் கும்பிட்டுக்கொள்கிறேன். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். நான் சொல்லச் சொல்ல என் பெரிய மகள் எழுதுகிறாள். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம், கார்த்திகை மாசம், ஒரு சனிக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். மாமல்லபுரத்துக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு போன என் வேன் கடலோர ரோட்டில் கவிழ்ந்தது. எதன் மேலும் மோதவில்லை. டயரும் வெடிக்கவில்லை. வண்டிக்கு முதுகெலும்பு மாதிரி அடியில் ஓடுகிற சேஸ் இரும்பு நடுவில் உடைந்துபோனது. ஓட்டிக்கொண்டு போனவன் என் மச்சான் ஏகாம்பரம். என் மனைவி தெய்வானைக்கு ஒரே தம்பி. இருபத்தாறு வயசு. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான். “மூணு நாள் போகட்டும், அப்புறம்தான் எதுவும் சொல்ல முடியும்” என்றார் டாக்டர்.

அந்த வேனை வாங்க வேண்டாம் என்று சொன்னவனே அவன்தான். வாங்கியவன் நான்.

எங்கள் தொழில் வாழை இலையும் காய்கறியும். ஆரம்பத்தில் மாட்டு வண்டி வைத்திருந்தேன். செவலை மாடு ஒன்று, சந்தைக்குள் நுழைந்ததும் கீரைக்கட்டைத்தான் முதலில் இழுக்கும். அதற்கே நான் பாதி நாள் திட்டு வாங்கியிருக்கிறேன். பிறகு மிதிக்கிற வண்டி. பிறகு ஒரு பழைய வேன். படாளம் பக்கத்துத் தோட்டங்களில் இலை அறுத்து, செங்கல்பட்டு மார்க்கெட்டில் காய் ஏற்றி, கடலோரத்து ஓட்டல்களுக்குக் கொண்டுபோய்ப் போடுவோம். அங்கே வருஷத்துக்கு வருஷம் ஓட்டலும் கல்யாண மண்டபமும் பெருகிக்கொண்டே போனது. எல்லாருக்கும் காலை ஏழு மணிக்கே இலை வேண்டும். ஒரே வேன் எத்தனை வாசலில் நிற்கும்? பழைய வேன் இன்னும் இரண்டு வாங்கிப் போடலாம் என்று முடிவு செய்தேன்.

தேவராசு என்று ஒரு புரோக்கர். சதுரங்கப்பட்டினம் பக்கம் ஒரு புளியந்தோப்பில் இரண்டு வேன்களைக் காட்டினான். ஒன்று நீல வண்டி. உடம்பெல்லாம் கீறல், கூரை முழுக்கக் காக்கா எச்சம். இன்னொன்று புதுசாக சந்தன நிறப் பெயிண்ட் அடித்தது. முகத்தில் குங்குமம், கண்ணாடிக்குக் கீழே எலுமிச்சம்பழம். கதவைத் திறந்தால் கமகமவென்று சாம்பிராணி. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

“இது பூஜை போட்ட வண்டி அண்ணாத்த. ஓனரு தெனம் பொக காட்டாம சாவியத் தொடமாட்டாரு” என்றான் தேவராசு.

ஏகாம்பரம் பின்னால் ஏறி, பலகையில் முகத்தை வைத்து மோந்து பார்த்தான்.

“மாமா, சாம்பிராணிக்குக் கீழ கவுச்சி அடிக்கிது. மீன் ஏத்துன வண்டி இது. ஐஸ் தண்ணியும் உப்பும் ஒழுகி ஒழுகி அடியத் தின்னுட்டிருக்கும். இரு, நீல வண்டிக்கு அடில படுத்துப் பாத்த மாரி இதுக்கும் பாத்துட்றேன்.”

ராகுகாலம் பிறக்கக் கால்மணி நேரம்தான் இருந்தது. அதற்குள் அட்வான்ஸ் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்குப் பதற்றம். பூஜை போட்ட வண்டிக்கு அடியில் படுத்துக் குறை தேடுவது சாமியையே சந்தேகப்படுகிற மாதிரி இருந்தது.

“காலைல கருவாட்டுக் கொழம்ப ஒரு புடி புடிச்சிட்டு வந்து, வண்டில கவுச்சின்றியா? மொதல்ல உன் கைய மோந்து பாருடா!” என்றேன்.

“அப்டிப் போடு அண்ணாத்த!” என்று தேவராசு தொடையில் தட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன். ஏகாம்பரம் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு இறங்கிவிட்டான். அந்த முகம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

அவன் அடியில் படுத்துப் பார்த்த நீல வண்டியையும் வாங்கினோம், நான் மயங்கிய சந்தன வண்டியையும் வாங்கினோம். இரண்டு சாவியையும் மலைக்குக் கொண்டுபோய் ஈஸ்வரர் காலடியில் வைத்து வாங்கி வந்தேன். இனிமேல் எனக்கென்ன கவலை என்று இருந்தேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் ஏமாந்தவன். அவ்வளவுதான். ஆனால் மறைக்காமல் சொல்லத்தானே உட்கார்ந்திருக்கிறேன். ஐப்பசியில் முதல் மழை பெய்ததும் பலகை ஊறி, சந்தன வண்டியில் கவுச்சி எழும்பியது. என் மூக்குக்கே தெரிந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? வெள்ளிக்கிழமை மட்டும் காட்டிய புகையைத் தினமும் காட்ட ஆரம்பித்தேன். “இன்னா மாமா, வண்டிக்கு சாமி வந்துரப் போவுது” என்று ஏகாம்பரம் கிண்டல் செய்தான். அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெரியவன் நான், சொன்ன வார்த்தையை எப்படி மாற்றுவது? அவனும் மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டு ஓட்டினான்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் தெய்வானை தேவராசுவைச் சபித்துக்கொண்டே இருந்தாள். “அந்தப் பாவி வூடு வெளங்குமா? எங்க வூட்டுப் புள்ளைய இப்டிப் படுக்க வச்சிட்டானே!” அவள் அவனைத் திட்டத் திட்ட எனக்கு அது வசதியாக இருந்தது. தண்ணீர் குடித்தாலும் தொண்டையில் கவுச்சி.

திங்கட்கிழமை, கார்த்திகைச் சோமவாரம். திருக்கழுக்குன்றத்துக்குப் பஸ் ஏறினேன். மலையடிவாரத்திலேயே நல்ல கூட்டம். படி ஏறும்போது சின்ன வயசு ஞாபகம் வந்தது. உச்சிவேளையில் கழுகு வந்து பொங்கல் சாப்பிடுவதைப் பார்க்க அப்பா தோளில் தூக்கிக்கொண்டு போவார். கழுகு வராத நாளில், “கூட்டத்துல எவனோ பாவி கீறான்” என்று யாராவது சொல்வார்கள். யார் அது, யார் அது என்று நான் ஒவ்வொரு முகமாகத் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன்.

அன்றைக்கு நான் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

சன்னதியில் நிற்கும்போது யாரோ தூபம் காட்டினார்கள். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். “ஈஸ்வரா, உன் காலடியில் சாவியைத்தான் வைத்தேன். வண்டிக்கு அடியில் நானும் பார்க்கவில்லை, பார்க்க வந்தவனையும் விடவில்லை. தெரிந்த பிறகும் உன் பெயரைச் சொல்லிப் புகை போட்டு மூடினேன். வேன் வேண்டாம், தொழில் வேண்டாம். அந்தப் பிள்ளையை எழுப்பிக் கொடு.” வேறு எதுவும் கேட்க வரவில்லை. காதில் எந்தக் குரலும் கேட்கவில்லை. ஆனால் கீழே போய்த் தெய்வானையிடம் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் மனசு நிலைத்துவிட்டது. அதை அவர்தான் கொடுத்தார் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து சொன்னேன். “தேவராச மட்டும் திட்டாத. ஏகாம்பரம் அன்னிக்கே சொன்னான். நான்தான் கேக்கல. மழைல எனக்கும் நாத்தம் தெரிஞ்சிது.”

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். “தெரிஞ்சிகினே அனுப்ச்சியா?” என்று ஒரே கேள்வி. அந்த ராத்திரி முழுக்க எங்களுக்கு நடுவில் ஒரு பெஞ்சு காலியாக இருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை மத்தியானம். தெய்வானை பஞ்சில் தண்ணீர் நனைத்து அவன் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விரல் அசைந்தது. கண் பாதி திறந்தது. என்னையே பார்த்தான். உதடு அசைந்தது. காதைப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

“மாமா… கைய மோந்து பாத்தியா?”

அவன் கையை என் முகத்தில் வைத்துக்கொண்டு, “கவுச்சி இல்லடா நைனா, மருந்து நாத்தம்தான்” என்று சொல்லிவிட்டு அழுத அழுகை, என் அப்பா செத்தபோதுகூட நான் அழாதது. அந்த ராத்திரிக்குப் பிறகு முதல் தடவையாகத் தெய்வானை என் தோளைத் தொட்டாள்.

உடைந்த கால் எலும்பு ஒன்று சேர எட்டு மாசம் ஆனது. ஒரு கால் கொஞ்சம் குட்டை. அதை ஈஸ்வரர் சரி செய்யவில்லை. நான் மறக்கக் கூடாது என்று விட்டுவைத்தாரோ என்னவோ.

வேன் கவிழ்ந்த அடுத்த மாசமே, பொங்கலுக்கு முன்னால் தேவராசு வந்தான். “அண்ணாத்த, சேஸ ஒட்டு போட்டு ரெண்டு கோட்டு பெயிண்டு அடிச்சா போயிரும். படாளத்துல ஒரு பார்ட்டி கீது, நல்ல பக்திமான்.” பக்திமான் என்றால் யார் என்று எனக்குத் தெரியாதா? அந்த வண்டியைப் பழைய இரும்புக் கடையில் வெட்டச் சொல்லி, கடைசித் துண்டு வரைக்கும் பக்கத்தில் நின்றேன். பெயிண்டுக்குள் இரும்பு அப்பளம் மாதிரி உதிர்ந்தது.

அதற்குப் பிறகு நீல வண்டியையும் பழைய வண்டியையும் வைத்தே ஓட்டினோம். இரண்டாயிரத்து ஐந்துக்குள் பழைய வேன்கள் இன்னும் மூன்று சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் முதலில் ஈஸ்வரரை நினைத்துக்கொண்டு, சாக்கு விரித்து, நானே அடியில் மல்லாந்து படுப்பேன். ஏகாம்பரம் டார்ச் அடிப்பான். அவன் தலையாட்டினால்தான் அட்வான்ஸ். ராகுகாலம் வந்தால் வரட்டும், மறுநாள் போய்க்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் சாம்பிராணி போடுவதில்லை. விளக்கு மட்டும்தான்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்ற வருகிறோம். சங்கு தீர்த்தக் குளத்துக்கிட்டே சாயங்காலம் நிற்போம், நீங்களும் வாருங்கள். மனசுக்குள் எதையாவது புகை போட்டு மூடி வைத்திருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். அவரிடம் சொல்லுங்கள். அப்புறம் வீட்டுக்குப் போய், சொல்ல வேண்டியவர்களிடமும் சொல்லிவிடுங்கள். அவர் கைவிட மாட்டார், நான் கண்டேன். வேகமாக நடக்க முடியாதே என்று யாரும் தயங்க வேண்டாம். எங்கள் கூட்டத்தில் ஏகாம்பரம்தான் முன்னால் போவான். அவன் நடைக்குத்தான் நாங்கள் எல்லாரும் நடக்கிறோம்.