நாற்பத்தாறு சுற்று

கமலாத்தாளை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லும்போது, ஆஹா, மனுஷன் எவ்வளவு பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்வீர்கள். அந்த எழவெல்லாம் எனக்குக் கிடையாது.

எழுபத்து மூன்றாம் வருஷம். சித்தூரிலிருந்து கொழிஞ்சாம்பாறை போகும் ரோட்டோரம் சங்கையா முதலாளியின் மோட்டார் பட்டறை. கிணற்று மோட்டார் எரிந்துபோனால் உள்ளே கருகின செம்புக் கம்பியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றித் தருவோம். அந்த வேலை தெரிந்தவன் பக்கத்துப் பத்து ஊரில் நான் ஒருவன்தான். என் பெயர் காரப்பன் என்பது எனக்கே மறந்துபோகும்படி எல்லாரும் மேஸ்திரி, மேஸ்திரி என்பார்கள். மாசி பிறந்தால் கரண்ட் பாதிதான் வரும், மோட்டார்கள் வரிசையாக எரியும். பெரிய பெரிய தோட்டக்காரர்கள் பட்டறை வாசலில் பத்து நாள் காத்துக் கிடப்பார்கள். "மேஸ்திரிக்கு ஒரு டீ சொல்லட்டுங்களா?" என்று கேட்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்?

இந்தத் தொழிலின் உயிர் ஓர் எண்ணில் இருக்கிறது. ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு காயிலுக்கு, அதாவது ஒரு கம்பிச் சுருளுக்கு, இத்தனை சுற்று என்று கணக்கு உண்டு. அதில் குறைந்தால் மோட்டார் சூடேறி எரியும். கூடினால் தண்ணீரை மேலே தள்ளாது. அந்த எண்ணை எந்த மேஸ்திரியும் வாய் திறந்து சொல்ல மாட்டான். பழைய காயிலை வெட்டியதும் தான் மட்டும் எண்ணிக்கொண்டு, மற்றவர் கண் படுவதற்குள் அடுப்பில் போட்டுவிடுவான். எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. நாலு வருஷம் திருட்டுத்தனமாக எண்ணித்தான் கற்றேன்.

ஒரு நாள் முதலாளி கூப்பிட்டார். "காரப்பா, ஆளுக மோட்டாரைத் தூக்கீட்டுப் பொள்ளாச்சிக்குப் போறாங்க. நாளைக்கு உனக்கொரு காய்ச்சல் வந்தா நான் பட்டறையவே சாத்தோணும். ரெண்டு பேர அப்ரண்டிஸாப் போடறேன். ஒரு வருஷம் பழகட்டும். அவங்க சுத்துனதுல கணக்குத் தப்பி ஒரு மோட்டார் திரும்பி வந்தாலும் ஊட்டுக்குப் போயிரோணும். வராட்டி வேலை நிரந்தரம்."

வந்த இருவரில் ஒருத்தன் கை வெந்து இரண்டாம் மாசமே ஓடிவிட்டான். மிஞ்சியவள் கமலாத்தாள். முப்பத்தாறு வயசு, என்னைவிட நாலு வயசு மூத்தவள். புருஷன் தறியை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போனவன், போனவனேதான். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். பொம்பளை மோட்டார் சுற்றுவதா என்று ஊரே சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தது நான்.

சிரிப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை. தறிக்கு நூல் சுற்றிப் பழகிய கை. உதடுகூட அசையாமல் எண்ணுவாள். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து எண்ணுவாள். எனக்கு ஈ பறந்தாலே கணக்கு விட்டுப்போகும். அவள் சுற்றிய காயில், மோட்டார் இரும்பில் வெட்டியிருக்கும் காடிக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கும். நான் மூங்கில் சிம்பால் குத்திக் குத்தி இறக்குவேன்.

ஆறே மாசம். பத்து நாள் காத்திருந்தவர்களுக்கு மூன்றாம் நாளே மோட்டார் கிடைத்தது. பொள்ளாச்சிக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். முதலாளி பக்கத்துக் கடையையும் சேர்த்து வாடகைக்கு எடுத்தார், என் கூலியையும் உயர்த்தினார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்க முடிந்தது. எல்லாம் நல்லதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒருத்தன் என் முகத்துக்கு நேரே, "ஏனுங்க மேஸ்திரி, இத அந்தம்மாவையே சுத்தச் சொல்லுங்க" என்றானே, அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பட்டறையில், என் கண் முன்னால், களை பிடுங்க வந்தவள்!

வருஷம் முடிய பதினெட்டு நாள் இருந்தபோது வள்ளியாத்தாளின் மோட்டார் வந்தது. அவளும் ஆம்பளைத் துணை இல்லாதவள்தான். இரண்டு ஏக்கர் கடலைக்காய். பிஞ்சு பிடிக்கிற சமயம். முதலாளி அதைக் கமலாத்தாளிடம் கொடுத்தார். வழக்கமாகத் தனக்கு வந்த மோட்டாரை அவளே வெட்டி எண்ணுவாள்; அன்று அவள் சாப்பிடப் போன நேரம் பழைய காயிலை நானே வெட்டி எண்ணினேன். நாற்பத்தாறு. அடுப்பில் போட்டேன்.

அவள் வந்து கேட்டாள். "எத்தன சுத்துங்க மேஸ்திரி?"

"நாப்பத்திரண்டு" என்றேன். நாக்கு கொஞ்சமும் பிசகவில்லை.

ஒரு நொடி அடுப்பைப் பார்த்தாள். பிறகு, "செரிங்க" என்று உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்தாள்.

நாலாம் நாள் காலையில் மோட்டார் எரிந்துபோய் மாட்டுவண்டியில் திரும்பி வந்தது. வள்ளியாத்தாள் வண்டியை விட்டு இறங்கும்போதே கத்தினாள். "என்ற கடலைச் செடியெல்லாம் தல தொங்கிக் கெடக்குது சாமி! இதுக்கா அத்தன வாட்டி நடந்தேன்?"

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. திரும்பி வந்த மோட்டாரைச் சொந்தக்காரர் முன்னால் வைத்து, சுற்றியவரே வெட்டி, வாய்விட்டு எண்ண வேண்டும். கணக்கு சரியாக இருந்தால் கரண்டின் கோளாறு. இல்லையென்றால் சுற்றியவரின் கோளாறு. கமலாத்தாள் உளியை எடுத்து வெட்டினாள். வெட்டின நுனிகளை ஒவ்வொன்றாக விலக்கி எண்ணினாள். அந்த ஒரு வருஷத்தில் அவள் குரல் விட்டு எண்ணி அன்றுதான் கேட்டேன். நாற்பத்திரண்டில் நின்றாள்.

"இந்த மோட்டாருக்கு எத்தன, காரப்பா?" என்றார் முதலாளி.

"நாப்பத்தாறு" என்றேன்.

"ஏனம்மா, உனக்கு நாப்பத்திரண்டுன்னு யாரு சொன்னது?"

என் பெயரைச் சொல்வாள் என்றுதான் இருந்தேன். பதிலும் தயாராக வைத்திருந்தேன்: உன் காதில் சரியாக விழவில்லை, அவ்வளவுதான். பதினோரு வருஷத்து மேஸ்திரி பேச்சு பெரிசா, அப்ரண்டிஸ் பேச்சு பெரிசா?

அவள் என்னைப் பார்க்கவேயில்லை. "எண்ணிப் பாக்காம சுத்துனது நானுங்க மொதலாளி. தப்பு என்னுதுதானுங்க" என்றாள். பிறகு வள்ளியாத்தாள் பக்கம் திரும்பி, "அக்கா, உங்க செடிக்கு என்னால பதில் சொல்ல முடியாது. நான் போறதுக்கு முன்னால இத இப்பவே செரியாச் சுத்திக் குடுத்துட்டுப் போறேன்" என்றாள்.

கத்திக்கொண்டிருந்த வள்ளியாத்தாள்கூட அடங்கி, "அட, விடு கண்ணு" என்றாள். முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எல்லார் கண்ணும் அவள் மேல். அந்தப் பார்வையில் இருந்த மரியாதையைப் பதினோரு வருஷத்தில் ஒரு நாளாவது யாராவது என் பக்கம் திருப்பியிருப்பார்களா? டீ வாங்கித் தந்தார்கள், அவ்வளவுதானே!

எனக்குத் தாங்கவில்லை. மனசாட்சி உறுத்தியது என்று நினைக்காதீர்கள். வேலை போகும்போதும் அவளே பெரிய ஆளாகப் போகிறாளே என்கிற எரிச்சல். தப்பைக்கூட எனக்கு விட்டுவைக்க மாட்டாளா இவள்?

"நாந்தான் சொன்னேன்" என்று கத்தினேன். "நாப்பத்தாறுன்னு தெரிஞ்சே நாப்பத்திரண்டுன்னு சொன்னேன். அவ மேல தப்பு ஒண்ணுமில்ல!"

முதலாளி என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. வாசலில் நின்ற மாட்டுவண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"வேலைய விட்டு உன்ன அனுப்பறது எனக்குச் சுலபம், காரப்பா. ஆனா அந்தம்மாளோட செடி தண்ணிக்கு நிக்குது. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள மோட்டார் போகோணும். ஒருத்தர் சுத்தினா ஆகாது. கமலாத்தா, எண்ணறது நீ. காரப்பா, சுத்தறது நீ. இனிமேலு இந்தப் பட்டறையில எண்ணு அவ வாயிலதான் வரும். நாளைக்குப் புது அப்ரண்டிஸ் வந்தாலும் அப்படித்தான்."

ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். கம்பி சுற்றும் எந்திரத்தின் கைப்பிடியை நான் சுற்றினேன். அவள் உரக்க எண்ணினாள், குரலில் கோபமுமில்லை, இரக்கமுமில்லை. நாற்பத்திரண்டு வந்தபோது நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

"நாப்பத்தாறு. நிறுத்துங்க மேஸ்திரி" என்றாள்.

நிறுத்தினேன்.