கரையில் இரண்டு முதுகுகள்

கண்டியில் இருக்கும் என் கணவரின் அக்கா இந்த வருடமும் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருக்கிறார். எனக்கு அவர் மதினி; என் கணவர் கல்யாணம் கட்டித்தான் கண்டியிலிருந்து கிழக்குக் கரையில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தார். லீவுக்கு அவரும் கணவருமாக வருகிறார்களாம். "நாலு நாளைக்கு அங்க என்னென்ன பாக்கலாமெண்டு எழுதி அனுப்புங்க" என்கிறார். மலைநாட்டுக் குளிரில் இருப்பவர்களுக்கு எங்கள் வெயில்கூட வேடிக்கைப் பொருள்தான்.

எழுதத் தொடங்கினேன். வெயில் ஏறுமுன் சம்மாந்துறை வயல் பக்கம் போகலாம். அறுவடை நேரம், பாதி ரோட்டில் நெல் காயும், வான் சாரதி வாய்க்குள் ஏசிக்கொண்டே ஒதுக்கி ஓட்டுவார். வரும் வழியில் சட்டித் தயிர் வாங்கலாம். மருதமுனையில் கைத்தறிச் சாரமும் சேலையும் பார்க்கலாம். சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று போய் வெறுங்கையோடு வந்தவர்களை நான் கண்டதில்லை. விடியற்காலையில் ஒலுவில் துறைமுகத்துக்குப் போனால் போட் வந்து சேரும்போதே மீன் எடுக்கலாம். ஒருநாள் அறுகம்பேக்குப் போய் வெள்ளைக்காரர்கள் அலையில் சறுக்கும் பலகையில் ஏறுவதையும் விழுவதையும் பார்க்கலாம். அங்கே ஆண்களுக்குப் பார்க்க வேறு காட்சிகளும் இருப்பதால் எங்கள் வீட்டு ஆண்களுக்கு நான் கொடுப்பது அரைமணி நேரம்தான்.

பின்னேரம் கடல் குளிக்கலாம் என்று எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதி மறுபடி அழித்துவிட்டு, அந்த வரி இல்லாமலே அனுப்பிவிட்டேன். மூன்று வருடமாக இப்படித்தான். ஏன் என்று மதினிக்கும் தெரியும், அவரும் கேட்பதில்லை.

நான் பயந்த சுபாவக்காரி. இதை என் தெருவில் சொன்னால் சிரிப்பார்கள், ஏனென்றால் என் வாய்க்கு அவர்கள்தான் பயப்படுகிறார்கள். வாய் பெரிதாக இருப்பதற்கும் நெஞ்சு சின்னதாக இருப்பதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். சுனாமிக்குப் பிறகு எங்கள் வீட்டில் பல வருடம் யாரும் கடற்கரைக்குப் போகவில்லை. கடலிலிருந்து ஐந்நூறு மீட்டர் தூரத்தில் குடியிருந்துகொண்டு கடலைப் பார்க்காமல் இருப்பதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். பிறகு பிள்ளை வளர்ந்து, விருந்தாளிகளும் வந்தபோது மெல்ல மெல்லப் போகத் தொடங்கினோம். போனாலும் இடுப்புக்கு மேல் தண்ணீர் ஏற நான் விட்டதில்லை.

மூன்று வருடத்துக்கு முன் அவர்கள் வந்த அந்த முறை எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்து முடித்து, கடைசி நாள் மதினி கடல் குளிக்க வேண்டும் என்றார். சாய்ந்தமருதுக் கரையில் லீவு நாளில் கால் வைக்க இடம் இருக்காது. கொத்து ரொட்டிக் கடையும் பட்டம் விடுகிறவர்களும் மோட்டார் சைக்கிளுமாக இருக்கிற இடத்தில் பெண்கள் எப்படிக் குளிப்பது? ஆள் நடமாட்டம் இல்லாத கரையாகப் பார்ப்போம் என்று சொன்னது நான்தான். நிந்தவூர் தாண்டி ஒலுவில் பக்கமாக, தாழம்பற்றைக்குப் பின்னால் ஒரு கரையைக் கண்டுபிடித்ததும் நான்தான். பின்னேர அசர் தொழுதுவிட்டு வானை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். மதினி, அவருடைய கணவர், என் கணவர், நான், பதினைந்து வயது மகள். என் கணவர் டயர் ஒட்டும் கடை வைத்திருப்பவர். டிராக்டரின் பின்சக்கர டியூப் ஒன்றை ஒட்டி, காற்று நிரப்பி, வானின் மேல் கட்டியிருந்தார். மகளுக்கு அதைக் கண்டதிலிருந்து நிலைகொள்ளவில்லை.

எங்கள் வீடுகளில் பெண்கள் கடலில் இறங்கினால் கூட வந்த ஆண்கள் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்து வந்த பழக்கமில்லை. அபாயாவோடுதான் இறங்குகிறோம் என்றாலும், நனைந்தால் துணி உடம்போடு ஒட்டும். மதினியின் கணவர் எனக்கு அந்நிய ஆண். அவர் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்க, என் கணவர் மட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் அழகாக இருக்காது. ஆகவே இரண்டு பேருமே மணல் மேட்டில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்து, அவித்த சோளத்தைக் கடித்துக்கொண்டு நெல் விலை கதைத்தார்கள்.

முதல் அலை காலில் பட்டதும் மதினி வீறிட்டார். கண்டிக்காரருக்கு அலை புதுசு. என் கணவர் பதறித் திரும்பிப் பார்த்தார். நான் அங்கிருந்தே குரல் கொடுத்தேன்.

"இஞ்ச என்ன பார்வை? பொம்பிளையள் குளிச்சாச் சத்தம் வரத்தான் செய்யும். நாங்க கத்தினாலும் நீங்க திரும்பப்படாது. ரோட்டப் பாருங்க!"

மதினியின் கணவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது அவருடைய முதுகில் தெரிந்தது. என் கணவர் காதுவரை சிவந்திருப்பார். எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

அது கச்சான் காற்று அடிக்கிற காலம். தரையிலிருந்து கடலைப் பார்த்து, உலர்ந்து, சூடாக அடிக்கும். அலையைப் பின்பக்கமாக அமர்த்திவிடுவதால் கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர்போல் கிடக்கும். இவ்வளவு அமைதியான கடலில் என்ன வரப்போகிறது என்று நானே நினைத்தேன். மகள் டியூபுக்குள் உட்கார்ந்து காலை வெளியே போட்டுக்கொண்டாள். அரைமணி நேரத்தில் மதினிக்குக் குளிர் எடுத்தது. உடுப்பு மாற்ற, வானின் மறுபக்கத்தில் படுக்கை விரிப்பால் கட்டிய மறைப்புக்குள் போய்விட்டார்.

"உம்மா, இஞ்ச கால் எட்டுதில்ல" என்றாள் மகள், சிரித்துக்கொண்டு.

அவள் என்னிடமிருந்து நாலைந்து முழம் தள்ளியிருந்தாள். பார்க்கப் பார்க்க ஐந்து ஆறானது. அவள் துழாவவில்லை, அலை இழுக்கவில்லை. காற்று அந்தப் பெரிய டியூபைச் சும்மா தள்ளிக்கொண்டு போனது. எங்கள் கரை சட்டென்று ஆழமாகும் கரை. இடுப்பளவு தண்ணீரில் நின்றவள் இரண்டு எட்டு வைத்தேன், கழுத்துக்கு வந்தது. மூன்றாவது எட்டில் டியூபில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துவிட்டேன். பிடித்த சந்தோஷம் ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. காலைக் கீழே வைத்தேன். கீழே ஒன்றும் இல்லை.

எனக்கு நீந்தத் தெரியாது. மகளுக்கும் தெரியாது. அபாயா தண்ணீரைக் குடித்துக் குடித்து என் காலைக் கீழே இழுத்தது. கயிற்றில் தொங்கிக்கொண்டு கரையைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு முதுகுகள் தெரிந்தன. ஒன்று வெள்ளைச் சட்டை, ஒன்று நீலக்கோடு.

கத்தினேன். என் வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை. "இஞ்ச பாருங்க! அல்லாஹ்வே! திரும்பிப் பாருங்க!" மகளும் "வாப்பா! வாப்பா!" என்றாள். கச்சான் எங்கள் குரலை வாங்கி எங்களுக்குப் பின்னால் கடலிலேயே போட்டது. கொஞ்சம்தான் அங்கே எட்டியிருக்க வேண்டும். என் கணவர் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி இரண்டு தரம் ஆட்டினார், திரும்பாமலே. நான் திரும்பவில்லை, பயப்படாமல் குளியுங்கள் என்று அதற்கு அர்த்தம். பிறகு அதே கையால் பிடரியைச் சொறிந்துகொண்டார்.

என் மனிதர் இருபது வருடத்தில் நான் சொன்ன எத்தனையோ விஷயத்தைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. இன்றைக்குப் பார்த்துச் சொல் கேட்கிறார். கத்தக் கத்த முதுகுகள் சின்னதாகிக்கொண்டு போயின. நீலக்கோடு மறைந்து எல்லாம் ஒரே நிறமாயிற்று.

மகள் சிரிப்பை நிறுத்தியிருந்தாள். "உம்மா, ஒண்டும் ஆகாதுதானே?" என்று கேட்டாள். "ஒண்டும் ஆகாது புள்ள" என்றேன். சாகும் நேரத்தில் சொல்லும் கலிமா தானாக வாய்க்கு வந்தது. சத்தமாகச் சொன்னால் அவளுக்கு விளங்கிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே சொன்னேன். பயம் என்றால் நெஞ்சு அடிப்பது என்று நினைத்திருந்தேன். அன்று என் கையில் விரல்கள் இருப்பதே தெரியவில்லை. கயிறு வழுக்கினால்கூடத் தெரியாதே என்று விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எஞ்சின் சத்தம் மகளுக்குத்தான் முதலில் கேட்டது. ஒலுவிலிலிருந்து தொழிலுக்குப் போகிற சிறிய போட், அதில் இரண்டு பேர். எங்களைக் கண்டு ஏதோ எண்ணெய்ப் பிளாஸ்டிக் கான் மிதக்கிறது, எடுத்துப் போவோம் என்றுதான் திருப்பினார்களாம். கிட்ட வந்ததும் முன்னால் நின்றவர் "ஐயோ, பொம்பிளையள்!" என்றார். ஐம்பது வயது இருக்கும். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார், மேலில் ஒன்றும் இல்லை. ஒரு கையால் போட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை மகளிடம் நீட்டினார்.

"கையத் தா புள்ள."

அவளுடைய கை உயர்ந்தது. அவருடைய விரலுக்கும் அவளுடைய விரலுக்கும் ஒரு சாண் இடைவெளி. அப்போது மகள் கையை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

அந்த இடைவெளியில் போட் எங்களைத் தாண்டிப் போய்விட்டது.

அது சுற்றித் திரும்பி வருவதற்குள் அதன் அலை எங்களை அடித்தது. டியூப் சாய்ந்தது, என் கை கயிற்றை விட்டது. உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. மேலே வெளிச்சம் பச்சையாகத் தெரிந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு யாரோ என் முக்காட்டைப் பிடித்து இழுத்தார்கள். மகள்தான். ஒரு கையால் டியூப், மறுகையில் என் முக்காடு, கழுத்தை நெரிக்கிற மாதிரி. தலை வெளியே வந்ததும் இருமிக்கொண்டே கத்தினேன்.

"புடிடி! அவருட கையப் புடி!"

"நான் உன்ட அப்பன் மாதிரி. புடி மகள்" என்றார் அந்த மனிதர்.

பிடித்தாள். மணிக்கட்டில் பிடித்து அவளை ஒரே இழுப்பில் ஏற்றினார்கள். என்னை ஏற்ற இரண்டு பேரும் வேண்டியிருந்தது. கக்கத்தில் கைகொடுத்து, வலை இழுக்கிறவர்கள்போல் மூச்சுப் பிடித்து, அபாயாவில் இருந்த கடலையும் சேர்த்து இழுத்தார்கள். எங்களைப் போட்டின் தரையில் போட்டதும் அந்த மனிதர் தன் தலையில் கட்டியிருந்த துவாயை மகள் மேல் எறிந்துவிட்டு, யாரும் சொல்லாமலே முன்பக்கம் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். கரைவரை அவர் எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

இதற்குள் மதினி உடுப்பு மாற்றி வெளியே வந்து, கடலில் யாரையும் காணாமல் அலறியிருக்கிறார். நாங்கள் கரை சேரும்போது என் கணவர் கழுத்தளவு தண்ணீரில், சட்டையோடு, நீந்தத் தெரியாமல் நின்று அழுதுகொண்டிருந்தார். கையில் சோளம் இன்னும் இருந்தது. நான் அவருக்கு ஏசவில்லை. அவரும் எனக்கு ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மதினியின் கணவர் போட்காரர்களின் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றார். டியூபைக் காற்று கொண்டுபோய்விட்டது.

வீட்டுக்கு வந்து, குளித்து, மஃரிபு தொழுதேன். நெற்றியைத் தரையில் வைத்தவளுக்கு எழும்ப மனம் வரவில்லை. ஓதுகிற இடத்தில் எல்லாம் அந்த மடங்கிய கைதான் வந்து நின்றது. அந்நிய ஆணின் கை படக்கூடாது என்று அவளைச் சொல்லிச் சொல்லி வளர்த்தது நான்தான். ஆனால் ஆபத்தில் யார் கையையும் பிடிக்கலாம் என்பது மார்க்கம் தெரிந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவளுக்கு மத்ரசாவில் அதையும்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அறைக்குள் போனேன். மகள் கட்டிலில் உட்கார்ந்து உப்புப் பிடித்த முடியைச் சீவிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் அந்த மனிதரின் விரல் பட்ட இடம் சிவந்திருந்தது.

"கை நீட்டினவரப் புடிக்காம ஏன் புள்ள இழுத்த?" என்றேன். கூடியவரை மெல்லத்தான் கேட்டேன்.

"நீங்க பாத்துட்டு இருந்தீங்களே உம்மா" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். மறுபடி சிக்கெடுக்கத் தொடங்கினாள். தண்ணீருக்கடியில் வந்த பயம் எனக்கு அப்போது திரும்ப வந்தது, அதைவிடப் பெரிதாக. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சீப்பைத் தா என்று வாங்கினேன். அவள் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள், நான் நுனியிலிருந்து ஒவ்வொரு சிக்காக எடுக்கத் தொடங்கினேன்.