சாப்பாட்டு வேளை எருமை

தொண்ணூற்று மூன்றில் எங்கள் செராமிக் கம்பெனியில் எனக்குப் பக்கத்து மேசை சிவகாமசுந்தரிக்கு. அச்சிலிருந்து வரும் பொம்மைகளின் ஓரப் பிசிறை நாள் முழுக்கச் சீவுவாள். அந்த அலுப்புத் தீர, சாப்பாட்டு வேளையில் மிச்ச மண்ணில் ஏதாவது பிடிப்பாள். மணியடித்ததும் கசக்கிப் போட்டுவிடுவாள்.

ஒருநாள் படுத்திருக்கும் எருமை ஒன்று பிடித்தாள். மேஸ்திரி கோதண்டபாணி பார்த்துவிட்டார்.

"ஷோக்கா இருக்குதே! கசக்காத" என்று வாங்கிப்போய் அதற்கு அச்சு எடுத்தார்.

மறுவாரம் அவள் மேசைக்கு முந்நூறு எருமைகள் வந்தன.

"உன் எருமைதான, நீயே சீவும்மா."

"கொஞ்ச நேரம் நிம்மதியா வெளையாடிக்கிட்டு இருந்தேன். அதையும் வேலையாக்கிட்டீங்களே!"

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அதன்பிறகு சாப்பாட்டு வேளையில் அவள் மண்ணைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, மணி எப்போது அடிக்கும் என்று உட்கார்ந்திருந்தாள்.