தாயம்மாள் சொன்ன மூன்று

டெல்லியில் தமிழர்களின் குடிசைப்பகுதியான மதராசி கேம்ப் இருந்த காலத்தில் தாயம்மாள் காலை ஐந்தரை மணிக்கெல்லாம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஜங்புராவுக்கு நடந்துவிடுவாள். அங்கே நான்கு வீடுகள். நான்கிலும் பெருக்கித் துடைக்கிற ஜாடு-போச்சா, இரண்டில் பாத்திரமும் உண்டு. கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி டெல்லிக்கு வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. அப்புறம் முப்பத்து மூன்று வருஷம் ஊரார் வீட்டுத் தரையைக் குந்திக் குந்தித் துடைத்ததில் இரண்டு முட்டியும் தேய்ந்துபோயின. குந்தினால் எழுந்திருக்க முடியவில்லை; எழுந்தால் மறுபடி குந்த முடியவில்லை. ஒரு வீட்டு அம்மா நீளக் கம்பு வைத்த மாப் வாங்கிக் கொடுத்தாள். மற்ற மூன்று வீட்டிலும் கையால் துடைத்தால்தான் மூலையில் அழுக்கு போகும் என்றார்கள்.

புருஷன் ஏகாம்பரம் கொரோனா இரண்டாம் அலையில் போய்விட்டான். மகன் ஐயப்பன் குர்காவ்னில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. மாதத்தில் இரண்டு ஞாயிறு வருவான். மற்ற நாட்களில் தாயம்மாளுக்கு இருந்த ஒரே துணை பக்கத்து வீட்டுச் சந்திரம்மாள்தான். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். இந்தப் பக்கம் தாயம்மாள் இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து, "இன்னாடி, சளியா?" என்று கேள்வி வரும். ஐயப்பன் பிறந்தபோது தண்ணீர் காய்ச்சிப் போட்டதும், ஏகாம்பரம் போனபோது நாற்பது நாள் சோறு பொங்கிக் கொடுத்ததும் சந்திரம்மாள்தான். அவளுக்குத் தாயம்மாளைவிட எட்டு வயது கூட. முட்டியும் அந்த அளவுக்கு மோசம். கால் இரண்டும் வில்லாக வளைந்து, சுவரைப் பிடித்துத்தான் நடப்பாள். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியில் முட்டி மாற்று ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்து இரண்டு வருஷம் காத்திருந்த பிறகு, அடுத்த மார்ச்சில் ஒரு தேதி கிடைத்திருந்தது. அந்தச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டோடு தகரப் பெட்டியில் வைத்திருந்தாள்.

அந்த வருஷம் தீபாவளி கழிந்ததும் வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து கேம்புக்கு ஆட்கள் வந்தார்கள். முட்டித் தேய்மானத்துக்கென்று கடையில் விற்கிற சத்து மாத்திரைகளில் ஒன்று நிஜமாகவே கேட்கிறதா என்று பார்க்கப் போகிறார்களாம். இருநூறு பேர் வேண்டும், ஆறு மாதம், மாத்திரை இலவசம். ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்தவர்களைச் சேர்க்கமாட்டார்கள் என்றதால் சந்திரம்மாள் ஒதுங்கிக்கொண்டாள். தாயம்மாளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் நாள் அவளிடம் பேசியது சுஜாதா என்ற பெண். மோதி பாக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள், அப்பா மத்திய சர்க்காரில் கிளார்க். அவள் பேசிய தமிழில் பாதி ஹிந்தி இருந்தது.

"ஆன்ட்டி, தியான்ஸே, கவனமா கேளுங்க. பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை. அது இறால் ஓட்லேர்ந்து எடுக்கற சத்து. பாதிப் பேருக்கு வெறும் மாவு. உங்களுக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. லாஸ்ட்லதான் தெரியும். சம்மதமா?"

"இறா ஓட்டயா? நாங்க உரிச்சிக் குப்பையிலதானே போடுவோம்?" என்று தாயம்மாள் சிரித்தாள்.

சுஜாதாவும் சிரித்துவிட்டாள். பிறகு ஒரு அட்டையைக் காட்டினாள். ஒரு கோடு, ஒரு முனையில் பூஜ்யம், மறு முனையில் பத்து. "பூஜ்யம்னா வலியே இல்ல. பத்துன்னா தாங்கவே முடியல. இந்த வாரம் உங்களுக்கு எவ்ளோ?"

தாயம்மாள் வெகுநேரம் யோசித்தாள். அவளிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. "ஏழு" என்றாள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அந்த ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வேலை செய்கிற வீடுகளில் தாயம்மாள் தரையில்தான் உட்காருவாள். அங்கே சுஜாதாவுக்கு எதிரே அவள் உயரத்திலேயே ஒரு நாற்காலி. டீ வரும். மாடி ஏறும்போது எப்படி இருக்கிறது, கக்கூஸில் உட்கார்ந்து எழும்போது எப்படி, ராத்திரி புரண்டு படுத்தால் எப்படி என்று அந்தப் பெண் தமிழில் கேட்டுக் கேட்டு எழுதுவாள். தாயம்மாள் அந்த நாளுக்கென்று நல்ல புடவை ஒன்றை எடுத்துவைத்தாள்.

முதல் இரண்டு மாதம் வலி நிஜமாகவே குறைந்தது. ஆறு என்றாள், ஐந்து என்றாள், டிசம்பர் கடைசியில் மூன்று என்றாள். ஒருநாள் முனிர்கா பஸ்ஸை ஓடிப்போய்ப் பிடித்தாள். அதைச் சந்திரம்மாளிடம் சொல்லிச் சொல்லி மாளவில்லை.

"ஏழுலேர்ந்து மூணுக்கு வந்துருச்சிக்கா. கத்தி இல்ல, ஊசி இல்ல. ஒரு மாத்திரை, ஒரு வாய் தண்ணி, அவ்ளோதான்."

ஜனவரி பனியில் வலி திரும்பி வந்தது. பழைய இடத்துக்கே வந்தது. ஒரு நாள் விடிகாலையில் கட்டிலை விட்டு எழ அரைமணி நேரம் ஆயிற்று. அந்த வாரம் சுஜாதா அட்டையை நீட்டியபோது தாயம்மாளின் வாயில் ஏழு வந்து நின்றது. ஆனால் மூன்று என்று சொன்னவள் எப்படி ஏழு என்பது? மாத்திரையை ஒழுங்காகத் தின்னவில்லை என்று நினைப்பார்களோ? மாத்திரை கேட்காத ஆள் எதற்கு என்று நிறுத்திவிடுவார்களோ? அந்த நாற்காலி, அந்த டீ, அந்தப் பெண்ணின் கேள்விகள் எல்லாம் போய்விடுமோ?

"மூணுதான்" என்றாள்.

ஒரு முறை சொன்ன பிறகு அது சுலபமாகிவிட்டது. பிப்ரவரியிலும் மூன்று. மார்ச்சிலும் மூன்று.

மார்ச் முதல் வாரத்தில் சந்திரம்மாள் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். மடியில் அந்தச் சீட்டு இருந்தது.

"பாலு கிட்ட சொல்லிட்டேன், ஆபரேசன் வேணான்னு. முட்டிய அறுத்து இரும்ப வெக்கிறாங்களாம். நீ சாப்புடற சாமான்லயே மெடிக்கல்ல டப்பா விக்கிதாம். பாலு வாங்கியாந்துட்டான். உனக்குக் கேட்டது எனக்குக் கேக்காதா?"

பாலு அவள் மகன், ஓக்லாவில் டெம்போ ஓட்டுகிறவன். மருமகள் மஞ்சு அடுப்படியிலிருந்து, "அம்மா ஜித் பிடிக்கறாங்க, சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க ஆன்ட்டி, நீங்களாவது சொல்லுங்க" என்றாள்.

சந்திரம்மாள் தாயம்மாளின் முகத்தையே பார்த்தாள். "நெஜமா சொல்லு. கேக்குதில்ல?"

அதற்கு முந்தின இரவுதான் தாயம்மாள் முட்டியில் சுடுதண்ணீர்த் துணியைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். ஒரே சுவர், முனகல் அந்தப் பக்கம் கேட்டுவிடக்கூடாதென்று புடவைத் தலைப்பை வாயில் வைத்திருந்தாள். இல்லை என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் இத்தனை நாள் சொன்னதெல்லாம் பொய் என்று ஆகும். சந்திரம்மாள் சிரிப்பாள், கேம்ப் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள்.

"கேக்குதுக்கா" என்றாள்.

ஆபரேஷன் தேதி அப்படியே கடந்துபோனது. அன்று சந்திரம்மாள் நிம்மதியாகப் பாயசம் வைத்து ஒரு டம்ளர் கொடுத்தனுப்பினாள். தாயம்மாள் அதைக் குடித்தாள்.

மே மாதம் ஆறு மாதக் கணக்கு முடிந்தது. ஜூன் முதல் தேதி கேம்பை இடித்தார்கள். புல்டோசர் வருவது பல மாதங்களாகத் தெரிந்த செய்திதான். இருந்தும் சுவர் விழுந்தபோது, அது இத்தனை மெல்லிய சுவரா என்றுதான் தாயம்மாளுக்குத் தோன்றியது. சர்க்கார் பட்டியலில் பெயர் இருந்தவர்களுக்கு நகரத்தின் வடகோடியில், நரேலாவில் ஃப்ளாட். தாயம்மாளுக்கு முதல் மாடி. சந்திரம்மாள் குடும்பத்துக்கு அதே பிளாக்கில் நான்காவது மாடி, எல்லாம் படிக்கட்டுதான்.

சாமான் ஏற்றிய அன்று சந்திரம்மாள் ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து, பின்பக்கமாகத் தன்னை இழுத்துக்கொண்டே நான்கு மாடி ஏறினாள். ஏறி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதன் பிறகு இரண்டு முறைதான் இறங்கினாள். தசரா கழிந்ததும் அதுவும் நின்றுபோயிற்று. டப்பா மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை.

"எனக்கு மெதுவாத்தான் கேக்கும்போல. வயசாயிடுச்சில்ல?" என்பாள்.

தாயம்மாளும் ஜங்புரா வீடுகளில் மூன்றை விட்டுவிட்டாள். போக இரண்டு மணி, வர இரண்டு மணி. பஸ் படி ஏறவே கம்பியைப் பிடித்துத் தொங்கவேண்டியிருந்தது. மாப் வாங்கிக் கொடுத்த அம்மா வீடு ஒன்றுதான் மிச்சம்.

டிசம்பரில் சுஜாதா போன் செய்தாள். முடிவு வந்துவிட்டது, மாத்திரை தின்றவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொல்லப் போகிறோம், வாருங்கள் என்றாள். தாயம்மாள் அதே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனாள்.

ஹாலில் டாக்டர் ஹிந்தியில் ஏதோ படம் போட்டுக் காட்டினார். கூட்டம் முடிந்ததும் சுஜாதா அவளைத் தனியாக உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள். நிஜ மாத்திரை தின்றவர்களுக்கும் மாவு மாத்திரை தின்றவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. இரண்டு பக்கமும் அதே அளவுதான் வலி குறைந்திருக்கிறது. அதனால் இந்த மாத்திரையால் பிரயோஜனம் இருப்பதாகச் சொல்ல முடியாது.

"எனக்குக் குடுத்தது எதும்மா?"

சுஜாதா தாளைப் பார்த்தாள். "மாவுதான் ஆன்ட்டி. ஆனா உங்களுக்கு நல்லாவே குறைஞ்சிருக்கு, தேக்கோ, பாருங்க. ஏழுலேர்ந்து மூணு. அப்படியே ஸ்டெடியா நின்னுருக்கு. சில பேருக்கு நம்பிக்கையே மருந்தாயிடும்னு டாக்டர் சொன்னார்."

தாயம்மாள் கைகளைக் கோத்துக்கொண்டாள். "நிக்கலம்மா. மொத ரெண்டு மாசந்தான் கொறஞ்சிது. அப்பறம் நான் சொன்னதெல்லாம் பொய்யி. ஒவ்வொரு வாட்டியும் ஏழுதான் இருந்திச்சு."

சுஜாதா பேனாவைக் கீழே வைத்தாள். "ஏன் ஆன்ட்டி?"

"நீ நல்லா பேசின. உன்ன எப்பிடிக் கஷ்டப்படுத்தறதுன்னு..." மேலே சொல்லத் தெரியவில்லை. "என்னால உன் கணக்கு தப்பாயிடுச்சா?"

"இருநூறு பேர்ல ஒருத்தர். அதனால எதுவும் மாறாது."

"இருநூறு பேரும் என்ன மாதிரி ஆளுங்கதானேம்மா" என்றாள் தாயம்மாள்.

சுஜாதா வாசல் வரை கூடவே வந்து ஆட்டோ பிடித்துக் கொடுத்தாள்.

நரேலா வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. தாயம்மாள் தன் வீட்டுக்குப் போகவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நேராக நான்காவது மாடி ஏறினாள். மூன்றாவது மாடியில் நின்று, சொல்லாமலே இறங்கிவிடலாமா என்று யோசித்தாள். மாத்திரை டப்பாவுக்குப் பாலு இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிற பணம் ஞாபகம் வந்தது. மறுபடி ஏறினாள்.

சந்திரம்மாள் ஜன்னலோரக் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். தொடை இரண்டும் வற்றிக் குச்சியாகத் தெரிந்தன. தாயம்மாள் எதிரே தரையில் உட்கார்ந்து, எதையும் மறைக்காமல் சொன்னாள். மாவு மாத்திரையைச் சொன்னாள். ஜனவரியில் வலி திரும்பியதைச் சொன்னாள். மூன்று மூன்று என்று சொன்னதைச் சொன்னாள். மஞ்சு மாவு பிசைந்த கையோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

சந்திரம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் சீட்ட மடியில வெச்சிக்கினு ஒன்னக் கேட்டப்போ, கேக்கலன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

சந்திரம்மாள் தலையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "எழுந்து போ" என்றாள். தாயம்மாள் எழ முயன்றாள். முட்டி பிடித்துக்கொண்டது. தரையில் இரண்டு கையையும் ஊன்றி, பக்கவாட்டில் புரண்டு, கட்டில் காலைப் பிடித்துத்தான் எழவேண்டியிருந்தது. சந்திரம்மாள் பார்க்கவில்லை. மஞ்சுவும் கை கொடுக்கவில்லை.

மறு வாரம் தாயம்மாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அந்த அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். காலை ஆறு மணியிலிருந்து வரிசையில் நின்றாள். தவறிப்போன தேதிக்குப் பதில் வேறு தேதி கேட்டாள். நோயாளி நேரில் வரவேண்டும், புது எக்ஸ்ரே எடுக்கவேண்டும் என்றார்கள். அதை மஞ்சுவிடம் படியில் வைத்துச் சொன்னாள். பாலு மூன்று ஆட்களைச் சேர்த்து, அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துக் கயிற்றால் கட்டி நான்கு மாடி இறக்கினான். முதல் மாடியில் தன் கதவை ஒட்டி நின்ற தாயம்மாளின் முழங்கையை நாற்காலியின் கால் உரசிக்கொண்டு போனது. சந்திரம்மாள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் தேதி கொடுத்தார்: 2028 ஏப்ரல். அதற்குள் ரத்தத்தில் ஏறியிருக்கிற சர்க்கரையைக் குறைக்கவேண்டும், தொடைக்குப் பலம் வரவேண்டும், தினமும் நடக்கவேண்டும். இல்லையென்றால் அந்தத் தேதியிலும் கத்தி வைக்கமாட்டோம் என்று சொல்லி அனுப்பினார். எங்கே நடப்பது என்று பாலு கேட்டானாம். வீட்டுக்குள்ளேயே என்றாராம்.

தாயம்மாள் இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு மாடி ஏறுகிறாள். பொங்கலுக்கு முந்தின ஞாயிறு கீரைக்கட்டும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுபோனாள். மஞ்சு கதவைப் பாதி திறந்து வாங்கிக்கொண்டாள். உள்ளே கட்டில் நுனியும் போர்வையும் தெரிந்தன.

"அக்கா எப்பிடி இருக்குது?" என்று கேட்டாள் தாயம்மாள்.

மஞ்சு உள்ளே திரும்பிப் பார்த்தாள். போர்வை அசைந்தது. பிறகு சந்திரம்மாளின் குரல், யாரிடமும் இல்லாததுபோல வந்தது.

"கதவ சாத்து மஞ்சு. குளுருது."