மூன்று முறை குதித்த முள்

எண்பத்தெட்டாம் வருஷத்து மழைக்காலம். தாராவியில் சந்தெல்லாம் தண்ணீர். நான் அங்கே ஒரு பட்டறையில் தோல் பை தைக்கிறவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்க எனக்கு எப்போதுமே கூச்சம். அப்படிப்பட்ட என்னை மைக்கின் முன்னால் உட்கார வைத்த நாள் அது.

என் தங்கையின் கணவர் கடலுக்குள் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக் என்கிற மேடையில் சமையல்காரர். ஹெலிகாப்டரில் போவார், முறை முடிந்ததும் அதிலேயே திரும்புவார். தங்கைக்கு முதல் பிரசவம், என் வீட்டில்தான் இருந்தாள். அதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆனால் மழையில் ஹெலிகாப்டர் பறக்கவில்லை. அதோடு விட்டதா? காலையில் குழாயடியில் யாரோ, கடலில் ஒரு ரிக் சாய்ந்துவிட்டதாம் என்று சொல்லிவிட்டார்கள். எந்த ரிக், யார் பார்த்தது, ஒன்றும் தெரியாது.

மத்தியானம் தங்கைக்கு வலி கண்டது. சயான் ஆஸ்பத்திரி பக்கத்தில்தான். டாக்ஸி பிடித்துக்கொண்டு வந்து தெருமுனையில் நிறுத்தினேன். அவளோ கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள்.

"அவிய நல்லாருக்காவன்னு ஒரு வார்த்த கேட்டுட்டு வா அண்ணே. பெறவு எங்க வேணும்னாலும் வாரேன்."

அழுகிறாள், கெஞ்சினாலும் கேட்கவில்லை. வலி விட்டுவிட்டுத்தான் வருகிறது, நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் ஓடுங்கள் என்றாள் என் மனைவி. தங்கைக்காகக் கொண்டுவந்த டாக்ஸியில் நானே ஏறிச் செம்பூருக்குப் போனேன்.

மாப்பிள்ளையை வேலைக்கு அனுப்பிய கம்பெனியின் ஆபீஸ் அங்கே இருந்தது. அவர்களுக்கும் தகவல் இல்லை. ரிக்கைக் கரையிலிருந்து கவனிக்கிற அறை பக்கத்துக் கட்டிடத்தில் இருக்கிறது, அங்கே கேள் என்றார்கள். சொட்டச் சொட்ட நனைந்து போய் நின்றேன். வாட்ச்மேன் கேட்டதற்கு எனக்கு இந்தியும் வரவில்லை, தமிழும் வரவில்லை. நல்லவேளை, வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த ஓர் அதிகாரி என் முழியைப் பார்த்துவிட்டுத் தமிழா என்று கேட்டார். தமிழர்கள் நிறைய இருக்கும் மாட்டுங்காவைச் சேர்ந்தவர். விஷயத்தைக் கேட்டதும் உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

அப்படியோர் அறையை நான் பார்த்ததே இல்லை. ஒரு பெட்டியில் காகிதம் மெல்ல நகர்கிறது. அதன்மேல் மைதொட்ட முள்ளொன்று தானாகக் கோடு போடுகிறது. எங்கோ நடுக்கடலில், கிணறு தோண்டும் குழாய்க்குள் சேற்றுநீரைச் செலுத்தும் பம்பின் அழுத்தத்தை அந்த முள் இங்கே எழுதுகிறதாம். ரிக் சாயவில்லை, வேலை நடக்கிறது, இதோ பாருங்கள் என்றார். எனக்குப் பாதி உயிர் வந்தது. ஆனால் தங்கையிடம் போய் பம்பு நன்றாக ஓடுகிறது என்றா சொல்வது?

தயங்கித் தயங்கி அதைச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். ரிக்கிலிருந்து பேசுகிற கருவி காலையிலிருந்து கெட்டுக் கிடக்கிறது. அங்கிருந்து குரல் வராது. நாம் பேசுவது அங்கே கேட்கிறதா என்பதும் சந்தேகம். அளவு காட்டும் கருவி தனி என்பதால் அது மட்டும் ஓடுகிறது என்றார். சொல்லிக்கொண்டிருந்தவர் சட்டென்று நாற்காலியை இழுத்துப் போட்டு மைக்கை எடுத்தார்.

ஒரு குழாய் நீளத்துக்குத் தோண்டியதும் பம்பை நிறுத்திவிட்டுத்தான் அடுத்த குழாயை மாட்டுவார்களாம். அப்போது முள் அடியில் இறங்கும். பம்பை ஓட்டினால் ஏறும். நான் பேசுவது கேட்டால், சமையல்காரரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்துங்கள், அவர் நலமென்றால் அடுத்த குழாய் மாட்டியதும் பம்பை இரண்டு தடவை விட்டுவிட்டு ஓட்டிக் காட்டுங்கள் என்று இந்தியில் திரும்பத் திரும்பச் சொன்னார். கொஞ்ச நேரம் பொறுத்து மைக்கை என் பக்கம் நீட்டினார்.

"நீங்களும் ஒரு வார்த்தை பேசுங்கோ. சொந்தக் குரல் கேட்டா அவருக்கும் தெம்பா இருக்கும்."

அறையில் இருந்த எல்லோரும் என்னையே பார்த்தார்கள். தங்கைக்கு வலி வந்துவிட்டது என்று சொல்லத்தான் நினைத்தேன்.

"மாப்ள, நாந்தான்... சாப்ட்டியளா?"

அவ்வளவுதான் வந்தது. அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். "சமைக்கறவரண்டயே சாப்ட்டேளான்னு கேக்கறேளே!"

கோடு நேராகப் போய்க்கொண்டே இருந்தது. டீ வந்தது, ஆறியது. யாரும் பெட்டியை விட்டு நகரவில்லை. திடீரென்று முள் சரசரவென்று அடியில் விழுந்தது. குழாய் மாட்டுகிறார்கள் என்றார் அதிகாரி. முள் அசையாமல் கிடந்தது. பிறகு ஒரு குதி. கீழே. இன்னொரு குதி. கீழே. அறையே கைதட்டியது. அதிகாரி என் தோளைப் பிடித்து உலுக்கினார். கேட்கிறது, அவர்களுக்கு நாம் பேசுவது கேட்கிறது என்று குழந்தை மாதிரி கத்தினார். அதற்குள் முள் மூன்றாவதாக ஒரு தடவை குதித்து இறங்கியது. அதன் பிறகுதான் மேலே ஏறி நின்றது. மூன்றாவது எதற்கு என்று யாருக்கும் விளங்கவில்லை. கை தவறியிருக்கும் என்றார்கள்.

திரும்பி ஓடிவந்து தங்கையிடம் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். மைக்கில் நான் கேட்டதையும் சொன்னேன். மூணாவது மட்டும் எதுக்குன்னு தெரியல என்றேன். அந்த வலியிலும் அவள் சிரித்துவிட்டாள்.

"நீ கேட்டதுக்குப் பதில் சொல்லியிருக்காவ. சாப்ட்டாவளாம்."

சொல்லிக்கொண்டே தானாக எழுந்து நின்றாள். விளக்கு வைக்கும் நேரத்தில் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது.

மழை விட்டு மாப்பிள்ளை வந்ததும் முதலில் அதைத்தான் கேட்டேன். தங்கை சொன்னது சரிதான். மூன்றாவது தடவை, பம்பு ஓட்டுகிறவரிடம் கெஞ்சிக் கேட்டுத் தானே ஓட்டினாராம்.

இன்றைக்கும் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு, வாயில் வந்த சின்ன வார்த்தையை இது போதுமா என்று நினைத்து நான் விழுங்கிக்கொள்வதில்லை.