குதிரையின் தலையைத் தூக்கிய கதை

நான் குள்ளம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லி ஒரு பயனும் இல்லை. நிச்சயதார்த்தத்தன்று பெண்ணையும் என்னையும் அருகருகே நிற்க வைத்தபோதுதான் விஷயம் ஊருக்கே வெளிச்சமானது. பெண் வீட்டார் கே.கே. நகர்க்காரர்கள், நாகரிகமானவர்கள். வாய்விட்டுச் சிரிக்கவில்லை, கண்ணால் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாப்பிள்ளை அழைப்புக்குக் காரில் போவதில்லை, குதிரையில்தான் போவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அத்தனை பேரும் என்னை அண்ணாந்து பார்க்க வேண்டும்.

குதிரைக்கு அலைய வேண்டியதில்லை. வாடிப்பட்டியில் இருந்த என் அக்கா வீட்டுக்காரர், அதாவது மச்சான், கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விட ஒரு வெள்ளைக் குதிரை வைத்திருந்தார். சாதுவானது. ஒரே குறை, தலையைத் தூக்காது. ஊர்வலப் பாதையில் சிந்திக் கிடக்கும் பூவையும் பொரியையும் பழத்தோலையும் தின்று ருசி கண்டுவிட்டதால், தோட்டைத் தொலைத்தவள் தேடுவது மாதிரி ரோட்டை மோந்துகொண்டே நடக்கும். துட்டி விசாரிக்கச் சாவு வீட்டுக்குப் போகிற குதிரை மாதிரி இருக்கிறது என்று ஒரு கல்யாண வீட்டில் அதைத் திருப்பியே அனுப்பியிருந்தார்கள்.

“விடு மாப்ள, பழக்கிருவோம்” என்றார் மச்சான். அவருக்கு எதுவுமே பெரிய வேலை கிடையாது.

முதலில் சைக்கிள் டியூப். அதை நீளவாக்கில் கிழித்து, கடிவாளத்தின் இரு பக்கமும் கட்டிச் சேணத்தோடு இழுத்து முடிந்தார். தலை குனிந்தால் டியூப் இழுக்கும், இழுத்தால் குதிரை நிமிரும் என்பது கணக்கு. குதிரை அரை நாள் யோசித்தது. பிறகு ஒரு கோரைப்புல்லைப் பார்த்து வெடுக்கென்று குனிந்தது. அறுந்த டியூப் நேராக வந்து மச்சானின் தொடையில் விட்டது ஒன்று. அடுத்து, சேணத்தில் செருகிய மூங்கில் கழி. அதன் நுனியில் வாழைப்பழத்தைக் கட்டிக் குதிரையின் மூக்குக்கு மேலே ஆடவிட்டார். தலை அழகாக நிமிர்ந்தது. ஆனால் பழம் எட்டவில்லை என்றதும் குதிரை சந்தைப் பக்கமாக ஓட ஆரம்பித்தது. மேலே நான் இருந்தேன். சந்தைக்கு வந்திருந்தவர்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர்களும் சிரிக்கத்தான் செய்தார்கள்.

மச்சான் அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு கீழக்குயில்குடிக்குப் போனார். கோயிலில் ஐயனாரின் குதிரை முன்னால் நின்று, “எந்த ஐயனார் குதிரையாச்சும் தலையக் குனிஞ்சு பாத்துருக்கியா?” என்று கேட்டார். பார்த்ததில்லை. அவர் சாமி கும்பிட்டுவிட்டு, மன்னிப்பும் கேட்டுவிட்டு, சிலையின் தாடைக்கும் சேணத்துக்கும் நடுவே கயிறு பிடித்து அளந்துகொண்டார். அதே அளவில் தோல்வார் தைக்கச் சொன்னார். சுதைக் குதிரைக்கு நடக்கிற வேலை கிடையாது என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயங்காலம் பிள்ளையார் கோயில் வாசலில் வாரை மாட்டினார். குதிரையின் கழுத்து செங்குத்தாக நின்றது. நெற்றியில் ஜிகினாக் குஞ்சம் வேறு. பேண்டு வாத்தியம் முழங்க நான் ஏறி உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுதான் தெரியும், உள்ளே போய்விட்டேன். தலையை அப்படி இழுத்துக் கட்டியதில் குதிரையின் முதுகு குழிந்து, நான் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைபோல ஆகிவிட்டேன். எதிரே பிடரியும் குஞ்சமும் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எதிரே வந்தவர்களுக்கு நான் தெரியவில்லை. மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற அம்மாள் பேண்டுக்காரரிடம், மாப்பிள்ளை பின்னால் காரில் வருகிறாரா என்று விசாரித்தது என் காதில் தெளிவாக விழுந்தது.

“அவுத்து விடுங்க மச்சான்” என்று கத்தினேன்.

அவிழ்த்தார். இத்தனை நேரம் பொறுத்திருந்த தலை சடாரென்று கீழே போனது, ஆரத்தித் தட்டுக்கே போனது. ஆரத்தித் தண்ணீரை உறிஞ்சத் தொடங்கியது. நான் அதன் கழுத்து வழியாகச் சறுக்கி வந்து, மாலையும் கழுத்துமாக என் மாமியார் எதிரே இறங்கினேன். அவர் குனிந்து என்னைப் பார்த்தார். வீடியோக்காரர் விளக்கை என் முகத்துக்கு நேரே பிடித்தார். இந்த முறை கே.கே. நகரும் வாய்விட்டே சிரித்தது. செத்துப்போய்விடலாம் போலிருந்தது.

வரவேற்பு மேடையில் நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கைகொடுக்க வந்த எல்லோருமே குதிரையைப் பற்றித்தான் கேட்டார்கள். போட்டோ எடுக்க நின்றபோது ஓர் ஆச்சரியம்: பெண்ணும் நானும் ஒரே உயரமாக இருந்தோம். என் தலைப்பாகையின் மகிமை என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன், அவளுடைய பட்டுப்புடவை முழங்கால் பக்கம் நடுங்கிக்கொண்டிருந்தது. நெற்றியில் வேர்வை. உடம்பு சரியில்லையா என்று கிசுகிசுத்தேன்.

“முட்டிய மடக்கியே நிக்கிறேங்க. அம்மா ஒரு மாசமா கண்ணாடி முன்னால நிக்க வச்சுப் பழக்குனாங்க. உங்களுக்குச் சங்கடமா இருக்கக் கூடாதாம். இனிமே முடியலங்க, கால் கடுக்குது.”

எனக்குச் சுருக்கென்றது. வாடிப்பட்டியில் ஒரு கழுத்தை இழுத்து நிமிர்த்திக்கொண்டிருந்த அதே மாதத்தில், இங்கே இவளை மடக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இரண்டுமே எனக்காக.

“நிமிந்து நில்லு” என்றேன்.

“சிரிப்பாங்க.”

“சிரிச்சுட்டாங்க. நில்லு.”

அவள் மெல்ல முட்டியை நிமிர்த்தினாள். மேலே மேலே போய்க்கொண்டே இருந்தாள். அப்பாடா என்று அவள் விட்ட பெருமூச்சு என் தலைப்பாகைக்கு மேலாகப் போனது. போட்டோக்காரர் அவசரமாகக் கையை ஆட்டி, பெண் கொஞ்சம் இறங்கிக்கொள்ளட்டும் என்றார். இப்படியே எடுங்கள் என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டு ஹாலில் அந்தப் படத்தைத்தான் மாட்டியிருக்கிறோம்.